பிரித்துப் போடுகிற நேரம்

அன்புள்ள அக்கா,

உங்கள் பிரஸ் கால நினைவுகளை வாசித்த தைரியத்தில் எழுதுகிறேன். பண்டாரவளைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பதுளையில் மூடிய ஒரு பிரஸ்ஸிலிருந்து காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் அச்சு மெஷின் ஒன்றையும் பன்னிரண்டு கேஸ் (சின்னச் சின்னப் பெட்டிகளாகத் தடுத்த தட்டு) அச்செழுத்தையும் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, வீட்டு இஸ்தோப்பை, முன் விறாந்தையை, அடைத்து வேலை செய்கிறேன். கலியாணக் கார்ட், பங்களாக்களில் தங்குகிறவர்களுக்கு வாழ்த்து அட்டை, தேயிலைப் பெட்டிகளில் கட்டுகிற லேபிள். மாதம் ஆறேழு ஓர்டர் வருகிறது.

மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு இரண்டு. கணவர் ஆசிரியர். பகலில் மாமி பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். ஆனால் எனக்கு வேலை ஓடுவது இரவு ஒன்பதுக்குப் பிறகுதான். மெஷின் சத்தத்தில் சின்னவள் எழும்பி வந்து, என் காலடியில் உட்கார்ந்து எழுத்துகளை வைத்து விளையாடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் போன். போன மாதம் மகனின் பெற்றோர் கூட்டத்தையே மறந்துவிட்டேன். "கொழும்பில் டிஜிட்டலாக அடித்து வாங்கிக் குடுத்தால் முடிஞ்சுது, எதுக்கு இந்த இரும்போட மல்லுக்கட்டுறாய்?" என்கிறார் கணவர். மலையகத்தில் ஒரு பொம்பளை பிரஸ் நடத்தியதை எங்கே கண்டோம் என்கிறார் மாமி. நீங்கள் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளித்தீர்கள்? மூடிவிடுவதுதான் சரியா?

ச., பண்டாரவளை

*

அன்புள்ள ச.,

சின்னவள் எழுத்துகளை வைத்து விளையாடுகிறாள் என்ற வரிக்கு வந்ததும் மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோனது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதிலிருந்துதான் தொடங்கவேண்டும்.

அச்செழுத்து ஈயம். கொஞ்சம் அன்டிமனியும் வெள்ளீயமும் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான். நம்முடைய ஊர் ஈரத்தில் வருடக்கணக்காகக் கிடந்த எழுத்தில் வெள்ளையாக ஒரு பூப்பூக்கும், பார்த்திருப்பீர்கள். கையில் எடுத்தால் மாவு போல ஒட்டும். இரண்டு வயதுப் பிள்ளையின் கை ஒரு நாளைக்கு எத்தனை தடவை வாய்க்குப் போகிறது என்று தாய்க்குச் சொல்லவேண்டியதில்லை. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது. அதிலும் வளர்கிற பிள்ளையின் உடம்பு பெரியவர்களின் உடம்பைவிட அதிகமாக அதை உறிஞ்சிக்கொள்ளும். மூளையைத்தான் போய்ப் பிடிக்கும்.

ஆகவே இன்றைக்கே இஸ்தோப்புக்கும் வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவுக்கு, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் ஒரு கொண்டி போடுங்கள். கேஸ்களையும் தரையையும் ஈரத்துணியால் துடையுங்கள். விளக்குமாறு வேண்டாம், தூசி கிளம்பும். வேலைக்கென்று ஒரு சட்டை, ஒரு செருப்பு. இரண்டும் அங்கேயே கிடக்கட்டும். பிள்ளையைத் தூக்குவதற்கு முன் சவர்க்காரம் போட்டு நகக்கண் வரைக்கும் கழுவுங்கள். மண்ணெண்ணெயில் கை துடைப்பது கழுவுவதில் சேராது. எழுத்துப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை வைக்காதீர்கள். பழைய எழுத்தை உருக்கிப் பார்க்கும் ஆசை வந்தால் அடியோடு மறந்துவிடுங்கள். டொக்டரிடம் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய், வீட்டில் ஈயம் புழங்குகிறது என்று வாய்விட்டுச் சொல்லி, இரத்தத்தில் பார்க்கவேண்டுமா என்று கேளுங்கள்.

எங்கள் காலத்துப் பிரஸ்களில் இதையெல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஹட்டனில் நான் வேலை பழகிய பிரஸ்ஸில் மூத்த கம்போசிட்டர், எழுத்துகளை வரிவரியாக அடுக்கிக் கோக்கிறவர், எழுத்தை உதட்டில் கவ்விக்கொண்டு கோப்பார். எனக்கு அது அப்போது பெரிய வித்தையாகத் தெரிந்தது.

சரி, இப்போது உங்கள் கேள்வி.

எப்படிச் சமாளித்தேன் என்று கேட்கிறீர்கள். நன்றாகச் சமாளித்த கதை என்னிடம் இல்லை. சமாளிக்காத கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன். நாவலப்பிட்டியில் நானும் கணவரும் பிரஸ் வைத்திருந்த காலம். மகனுக்கு நான்கு வயது. கம்பளைப் பக்கத்துக் கலியாணம் ஒன்று, 300 கார்ட். நானே கோத்தேன், பிழை பார்க்க முதலில் எடுக்கிற தாளான புரூஃபையும் நானே பார்த்தேன், அவர் அடித்தார். கட்டிக் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை பெண்ணின் தாய்மாமன் வந்து ஒரு கார்டை மேசையில் வைத்தார். சத்தம்கூடப் போடவில்லை. "ரெண்டு பொண்ணுங்களுக்கா கலியாணம்?" என்று மட்டும் கேட்டார். எடுத்துப் பார்த்தால் இரண்டு பெயருக்கு மேலும் 'மணமகள்' என்றிருக்கிறது.

நான் கோக்கும்போது செய்த பிழை இல்லை அது. கை சரியான பெட்டிக்குத்தான் போயிருக்கிறது. மூன்று நாளுக்கு முன், மகனுக்குக் காய்ச்சல் கொதித்த ஓர் இரவில், தூக்கக் கண்ணோடு முந்தின வேலையின் எழுத்தைப் பிரித்து அதனதன் பெட்டியில் போட்டிருந்தேன். 'ன்' பெட்டிக்குள் ஏழெட்டு 'ள்' விழுந்துவிட்டது. மற்ற இடங்களில் அது தலைகாட்டியபோது புரூஃபில் பிடித்துவிட்டேன், சொல் தப்பாகத் தெரிந்ததால். 'மணமகள்' சரியான சொல்லாயிற்றே, கண் அப்படியே தாண்டிப் போய்விட்டது. 300 கார்டையும் எங்கள் செலவில் திரும்ப அடித்தோம்.

இந்தத் தொழிலில் பிரித்துப் போடுவது என்று ஒரு வேலை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். கார்டை வாங்குகிறவருக்குத் தெரியாது. கோத்த எழுத்து ஒவ்வொன்றையும் அடித்து முடிந்தபின் அதனதன் பெட்டியில் திரும்பப் போடவேண்டும். ஆங்கிலமென்றால் இரண்டு கேஸில் அடங்கும். தமிழுக்கு உயிர்மெய், புள்ளி எழுத்து என்று அத்தனைக்கும் தனித்தனிப் பெட்டி. உங்கள் எழுத்து பழையதென்றால் தும்பிக்கை தூக்கிய 'லை', 'ணை', சுழித்த 'றா', 'னா' எல்லாம் ஒற்றை எழுத்தாக வேறு இருக்கும். இந்த வேலைக்கு யாரும் காசு தருவதில்லை. செய்யாவிட்டால் அடுத்த வேலை ஓடாது. அதனால் அது எப்போதும் இரவுக்குத் தள்ளப்படும், தூக்கத்தில் கைவைக்கும். நம் வீட்டு வேலையும் இதே சாதிதான். சமைத்ததைச் சாப்பிட்டுவிட்டு நல்லாயிருக்கு என்பார்கள்; சட்டி கழுவினதை யார் சொன்னார்கள்?

உங்கள் கடிதத்தில் எத்தனை ஓர்டர் என்று இருக்கிறது, எத்தனை மணித்தியாலம் என்று இல்லை. ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். ஒற்றைக் கலரில் 200 கார்டுக்கு என் கணக்கு இப்படி வரும்: கோக்க மூன்று மணித்தியாலம். சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தில் பூட்டி, அழுத்தம் போதாத இடத்துக்கு மெல்லிய தாள் ஒட்டி மட்டம் பார்க்க ஒன்றரை. அடிக்க ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ரோலர் கழுவ அரை, பிரித்துப் போட ஒன்றரை, எண்ணிக் கட்ட அரை. அடிக்கிற நேரத்தைப் பார்த்து விலை சொன்னால் மற்ற ஏழு மணித்தியாலத்தையும் பிள்ளைகளிடமிருந்துதான் எடுத்துக் கொடுக்கிறீர்கள். விலையைக் கூட்டுங்கள். ஆறேழு ஓர்டர் நாலாகட்டும். ஊரில் கார்ட் வேண்டியவர்களுக்கு ஓஃப்செட்டும் கொம்ப்யூட்டரும் இருக்கின்றன. உங்களிடம் வருகிறவர் தாளில் எழுத்து பதிந்த பள்ளத்தை விரலால் தடவிப் பார்க்க வருகிறார்.

(இந்தப் பள்ளத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். அடித்த தாளைத் திருப்பி முதுகைத் தடவுவார் எங்கள் முதலாளி. விரலில் கொஞ்சம் மேடு தட்டுப்பட்டாலும் தொலைந்தோம்: "எழுத்தைத் தேய்க்கிறதுக்கா சம்பளம் குடுக்கிறேன்?" தாளை மை முத்தமிட்டாற்போல இருக்கவேண்டும், அதுதான் அன்றைய நல்ல அச்சு. அவர் திட்டின அதே தவறுக்கு இன்றைக்குக் கூடுதல் காசு.)

பிரித்துப் போடுவதைப் பகலுக்குக் கொண்டுவாருங்கள். மூத்தவன் பள்ளிக்கூடம் போய், மாமி சின்னவளோடு உள்ளே இருக்கிற காலை நேரத்தில் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். தலை தெளிவாக இருக்கும்போது செய்யவேண்டிய வேலை அது. புரூஃபை, கோத்தவர் பார்க்கக்கூடாது. எங்கள் வீட்டில் அந்தக் கம்பளைக் கார்டுக்குப் பிறகு கணவர் வாய்விட்டு வாசிப்பார், நான் கையெழுத்துப் பிரதியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மகன் எழுத்துக்கூட்டப் பழகிய பிறகு அந்த வேலையை அவன் வாங்கிக்கொண்டான். அர்த்தம் தெரியாமல் எழுத்தெழுத்தாக வாசிக்கிற ஏழு வயதுப் பிள்ளையைப் போலப் பிழை பிடிக்க யாராலும் முடியாது. வீட்டுக்குள், தாளில் எடுத்த புரூஃபை உங்கள் மூத்தவனிடம் கொடுத்துப் பாருங்கள். பிழைக்கு ஒரு டொபி.

இரண்டு கலர் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். பின்னேரம் பனிமூட்டம் இறங்கினால் நம்முடைய ஊரில் பருத்தித் தாள் ஈரத்தைக் குடித்து ஊதிவிடும். காலையில் சிவப்பு அடித்து, சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டு வந்து கறுப்பு அடித்தால் இரண்டும் ஒன்றோடொன்று உட்காராது. உங்கள் கையில் பிழையென்று நினைத்து இரவெல்லாம் மல்லுக்கட்டுவீர்கள். ஒரே மூச்சில் அடிக்க முடிகிற நாளில் மட்டும் அந்த வேலையை எடுங்கள், நடுவில் எழும்பவேண்டி வந்தால் தாளைப் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரை எங்கள் நாவலப்பிட்டி மழையில் மை காயவே காயாது, அட்டைக்கு அட்டை தாள் வைத்து அடுக்கவேண்டும். உங்கள் பக்கம் அந்த மாதங்களில் காற்றுத்தான், மழை ஐப்பசி கார்த்திகையில். நாளை தருகிறேன் என்று சொல்லும்முன் வானத்தைப் பாருங்கள்.

கணவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். கார்டின் முழு வாசகத்தையும் எழுத்தெழுத்தாகக் கோத்தால்தான் லெட்டர்பிரஸ் (எழுத்தைத் தாளில் அழுத்தி அடிக்கிற அச்சு) என்று ஒரு பிடிவாதம் இருக்கிறது, எனக்கும் இருந்தது. கொம்ப்யூட்டரில் எழுதி, பிலிம் எடுத்து, எழுத்து மேடாக நிற்கிற பொலிமர் (பிளாஸ்டிக்) பிளேட் செய்து வாங்கினால் அதே டிரெடிலில், அதே பள்ளத்தோடு அடிக்கலாம். கோக்கவேண்டாம், பிரித்துப் போடவேண்டாம். ஈயம் கையில் படாது. சின்னவள் வளரும் வரைக்கும் எழுத்துக் கேஸ்களைப் பூட்டிவைத்துவிட்டு பிளேட்டிலேயே ஓட்டுங்கள். மனசு கேட்காவிட்டால், இரண்டு பெயரை மட்டும் கையால் கோத்துத் தனியாக அடிக்கலாம்.

மற்றப் பாதியை ஒப்புக்கொள்ளமாட்டேன். 2022 மார்ச் முடிவில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. தாள் தட்டுப்பாட்டில் மேல் மாகாணத்தில் பள்ளித் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். தாள் மட்டும் கையில் இருந்தால், காலால் மிதிக்கிற மெஷினுக்கு அந்தக் கிழமைகளிலும் கரண்ட் தேவைப்படவில்லை. அதை உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். பெற்றோர் கூட்டத்துக்கு அவர் போகலாமே, ஆசிரியர்தானே, என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மாமிக்கு: ஹட்டனில் மீனாட்சியம்மை என்று ஒருவர் இருந்தார். கோ. நடேசய்யரின் மனைவி. 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய அதே நடேசய்யர். அந்த அம்மா பத்திரிகை வேலையும் பார்த்தார், தானே பாட்டுக் கட்டி, கூட்டங்களில் பாடி, அதை அச்சடித்துத் தோட்டங்களுக்கு அனுப்பினார். அச்சு மை இந்த மலைக்கோ மலைநாட்டுப் பொம்பளைக்கோ புதிதில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு உலை வைத்தது யார் என்று நான் வாசித்த எந்தக் கட்டுரையும் கேட்கவில்லை. என் அம்மா விடியலில் என்னைத் தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவர். பால் கொடுக்க மத்தியானம் ஓடி வருவார். வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறாய் என்று அவரிடம் யாரும் கேட்டதை நான் கண்டதில்லை.

இரவு வேலையை விடுங்கள். நாங்கள் மரண அறிவித்தல் அடித்தவர்கள், எங்களுக்கு வேறு வழியில்லை. சாவு எட்டு மணிக்குக் கதவைத் தட்டினால் விடிவதற்குள் நோட்டீஸ் ஒட்டியாகவேண்டும். உங்கள் கலியாணக் கார்டுக்கு அப்படி என்ன அவசரம்? நாள் குறித்து இரண்டு மாதம் இருக்கும். ஏழு மணிக்குப் பிறகு போனை மெஷினுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கொண்டியைப் போட்டுக்கொண்டு வாருங்கள்.

மூடுவதா வேண்டாமா என்பதை இந்தக் களைப்பில் முடிவுசெய்யாதீர்கள். பிளேட்டில் நாலு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அதற்கு முன், டொக்டர் என்ன சொன்னார் என்று ஒரு வரி. அது வரும்வரை எனக்குச் சின்னவள் நினைவாகவே இருக்கும்.

அன்புடன்,
அக்கா