நடக்கத் தொடங்கியவர் ஏன் மறுபடி படுத்துவிட்டார்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. மூளை ரத்தக்குழாய் அடைப்பால் இடது கையும் காலும் செயலிழந்தன. மருத்துவமனையிலிருந்து வந்தபோது, பிடித்துக்கொண்டால் நாலு எட்டு வைத்தார். அடுத்த சில வாரங்களிலேயே நிமோனியா வந்து மறுபடியும் சேர்த்தோம். ஸ்கேனில் புதிய அடைப்பு எதுவும் இல்லை. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் உட்காரவே தடுமாறுகிறார். மூக்குக் குழாய் வழியாகத்தான் உணவு. மறுபடி நடப்பாரா?

பதில்: எல்லோரும் மூளையையே கவனித்துக்கொண்டிருக்கும்போது நுரையீரல் காலை வாரிவிடுவது பக்கவாதத்தில் அடிக்கடி நடக்கிறது. காய்ச்சலும் கிருமித்தொற்றும் வந்தால், தேறிவந்த கை கால் மீண்டும் துவண்டு போகலாம். தொற்று அடங்கினால் இது பெரும்பாலும் சரியாகும். படுத்தே கிடந்ததில் வற்றிய தசையைத்தான் பயிற்சியால் மீட்க வேண்டும். புதிய அடைப்பு இல்லை என்பது நல்ல செய்தி.

நிமோனியா மறுபடி வராமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது முதல் வேலை. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தொடக்க நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். அப்போது உணவும் நீரும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். புரையேறினால் இருமுவார், தெரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பலருக்கு இருமலே வராது. குடித்தபின் குரல் நீர் கோத்ததுபோல் மாறுவதும், செயலிழந்த பக்கத்துக் கன்னத்தில் சோறு தங்கிக் கிடப்பதும்தான் அடையாளம். தண்ணீர், காப்பி போன்றவை கெட்டியான உணவைவிட எளிதில் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். ஆசைப்படுகிறாரே என்று ஒரு மடக்கு காப்பி கொடுக்கும் பாசம் வேண்டாம்.

குழாய் இருப்பதாலேயே ஆபத்து நீங்கிவிடாது. எச்சிலும் வயிற்றிலிருந்து எதுக்களித்து வருவதும் நுரையீரலுக்குள் போகலாம். உணவு செலுத்தும்போதும் அதன்பின் குறைந்தது அரை மணி நேரமும் தலைமாடு நன்றாக உயர்ந்திருக்கட்டும். வாயால் சாப்பிடவில்லையே என்று பல் துலக்குவதையே பல வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். சுத்தமில்லாத வாயில் பெருகும் கிருமிதான் எச்சிலோடு நெஞ்சுக்குள் இறங்குகிறது. காலையும் இரவும் பல்லையும் நாக்கையும் துடைத்துவிடுங்கள். குழாயை நீங்களாக எடுக்காதீர்கள். பேச்சுப் பயிற்சியாளர் விழுங்கும் திறனைச் சோதித்துச் சொல்லட்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ வலித்தாலோ, எண்ணெய் தேய்த்து உருவிவிடவே கூடாது. உள்ளே ரத்தக்கட்டு இருந்தால் அது நகர்ந்து நுரையீரல் ரத்தக்குழாயை அடைக்கலாம், உயிருக்கே ஆபத்து. அன்றே கால் ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். தூக்கி உட்காரவைக்கும்போது இடது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு நழுவும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிடுங்கள். சிறுநீர்க்குழாய் போட்டிருந்தால், அது இன்னும் தேவையா என்று ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

பயிற்சிக்கு வராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் ‘பிடிவாதம்’ என்று திட்டாதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கும் மருந்து உண்டு.

நேரில் பார்க்காமல் ‘நடப்பார்’ என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் உட்காரும் உறுதி வந்தால்தான் நடை வரும். நீண்ட நேரம் ஒரே தடவையாக வேண்டாம். கட்டில் ஓரத்தில், பாதம் தரையில் பதிய, ஒருவர் பக்கத்தில் நிற்க, சிறிது சிறிதாகப் பல முறை உட்காரவையுங்கள். சாயாமல் எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்று தினமும் குறித்துவைத்து இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.