கடையில் கிடைக்காத கேம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு கடையில், கையில் வைத்து விளையாடும் கேம் கருவி ஒன்றை என் மகனுக்காக 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். நானூறு கேம்கள் உள்ளே இருப்பதாகப் பெட்டியில் அச்சிட்டிருந்தது. நாங்கள் பிரவுசிங் சென்டரில் விளையாடிய ரோட் ரேஷ், டிவியில் மாட்டி விளையாடிய கான்ட்ரா ஆகியவற்றின் படங்களும் அதில் இருந்தன. அசல்தானா என்று கேட்டதற்கு, "அந்தக் கம்பெனியெல்லாம் மூடி வருஷக்கணக்காச்சு சார், இப்ப யாருக்கும் சொந்தம் கிடையாது" என்றார் கடைக்காரர். ஒரே வாரத்தில் பாதிக் கேம்கள் திறக்கவில்லை. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். இதற்கிடையில் என் அக்காள் மகன், ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் பைக் பந்தயம் ஓடுவதுபோல ஒரு போன் கேம் செய்து, அதற்கு ரோட் ரேஷ் என்றே பெயர் வைக்கப்போவதாகச் சொல்கிறான். கடைக்காரர் சொன்னது சரிதானா? - வாசகர், பாளையங்கோட்டை.

பதில்: சரியில்லை. முதலாவதாக, அந்த நிறுவனங்கள் மூடப்படவே இல்லை. 1991இல் ரோட் ரேஷை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும், 1987இல் கான்ட்ராவை வெளியிட்ட ஜப்பானின் கொனாமியும் இன்றும் தொழில் நடத்துகின்றன; 2024இல்கூட ஒரு புதிய கான்ட்ரா வெளிவந்தது. ரோட் ரேஷ் மட்டும் நெடுங்காலமாகத் தூங்குகிறது. தரிசாகக் கிடக்கும் வயலுக்கும் பட்டாதாரர் ஒருவர் இருப்பதைப்போல, தூங்கும் கேமுக்கும் உரிமையாளர் இருக்கிறார்.

நிறுவனம் உண்மையாகவே மூடப்பட்டிருந்தாலும் உரிமை காற்றோடு கலந்துவிடுவதில்லை. கடன் கொடுத்தவருக்கோ, சொத்தை வாங்கியவருக்கோ, சில வேளைகளில் யாரும் எதிர்பாராத ஒருவருக்கோ அது போய்ச் சேர்கிறது. சிஸ்டம் ஷாக் 2 என்ற கேமை உருவாக்கிய லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000இல் மூடப்பட்டபோது, அதன் பதிப்புரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. பின்னர் நைட்டைவ் என்ற சிறு நிறுவனம் அந்தக் காப்பீட்டு நிறுவனத்தைத் தேடிப்பிடித்து உரிமம் பெற்று, 2013இல் கேமை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே நைட்டைவ், 2000இல் வெளியான நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர் என்ற கேமையும் மீட்க முயன்று தோற்றது. அதை உருவாக்கிய நிறுவனத்தை வார்னர் வாங்கியிருந்தது. வெளியிட்ட ஃபாக்ஸ் இன்டராக்டிவை விவெண்டி வாங்கியிருந்தது. விவெண்டியின் கேம் பிரிவு 2008இல் ஆக்டிவிஷனுடன் இணைந்தது. எந்தப் பங்கு யாரிடம் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெளிவாகத் தெரியாத நிலையிலும், உரிமம் தர எவரும் முன்வரவில்லை. உரிமை குழம்பிக் கிடப்பதும் உரிமை இல்லாமல் போவதும் ஒன்றல்ல.

உங்கள் மருமகன் கவனிக்க வேண்டியது, ஒரு கேமில் குறைந்தது இரண்டு தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன என்பதை. கேமின் நிரலும் படங்களும் இசையும் பதிப்புரிமையில் அடங்கும். பெயர் வணிகக்குறியில் (டிரேட்மார்க்) அடங்கும். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் என்பது அத்தகைய படைப்புக்கான பொது விதி. அமெரிக்காவில், நிறுவனத்துக்காக ஊழியர்கள் செய்த படைப்புக்கு, வெளியானதிலிருந்து 95 ஆண்டுகள். அந்தக் கணக்கில் 1991இன் கேமுக்கு 2086 முடிவு வரை பாதுகாப்பு உண்டு. விற்காமல் வைத்திருந்தால் உரிமை பறிபோகும் என்ற விதி பதிப்புரிமையில் கிடையாது.

வணிகக்குறியில் அப்படியொரு விதி இருக்கிறது. ஆசை காட்டுவதும் அதுதான். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு குறியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவான பின் தொடர்ந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாமல் விட்டால், அதனால் பாதிக்கப்படுபவர் அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரலாம். ஆனால் அது தானாக நீங்குவதில்லை, கோரி வெல்ல வேண்டும். பதிவே இல்லாமல் போனாலும் ஆபத்து தீராது. சலவை இயந்திரம் செய்யும் அமெரிக்க நிறுவனமான வேர்ல்பூலின் பெயருக்கான இந்தியப் பதிவு 1977இல் காலாவதியானது. வேறொருவர் 1986இல் அதே பெயருக்கு விண்ணப்பித்தார். ஆயினும், அந்தப் பெயரின் புகழ் நாடு கடந்து இங்கும் நிலவுகிறது என்ற அடிப்படையில், அமெரிக்க நிறுவனத்தின் பக்கமே 1996இல் உச்ச நீதிமன்றம் நின்றது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நீங்கள் மறக்காத பெயரை, மறந்துபோன பெயர் என்று உங்கள் மருமகன் வாதாடுவது கடினம்.

பைக்கில் போய்க்கொண்டே பக்கத்து ஓட்டுநரை உதைப்பது என்ற கருத்து மட்டும் எவருடைய சொத்துமல்ல. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2017இல் வந்த ரோட் ரிடெம்ப்ஷன் இதே பாணிப் பந்தயத்தை வேறு பெயரில், சொந்த நிரலோடு விற்றது. அவரும் ஈரடுக்குப் பாலத்தில் தாராளமாகப் பந்தயம் நடத்தட்டும். பெயரைத் தானே சூட்டி, வணிகக்குறிப் பதிவகத்தின் இணையத் தேடலில் 9 (மென்பொருள்), 41 (பொழுதுபோக்கு) ஆகிய வகுப்புகளில் சரிபார்த்துக்கொள்ளட்டும். பழைய கேமின் பாட்டை எடுத்துப் போடுவது இன்னொரு சிக்கல்: ரோட் ரேஷின் கணினிப் பதிப்பில் ஒலித்தவை சவுண்ட்கார்டன் போன்ற இசைக்குழுக்களின் பாடல்கள், அவற்றின் உரிமை தனி.

இனி உங்கள் 1,900 ரூபாய். மாற்றுக் கருவி கேட்காதீர்கள். அதுவும் உரிமம் இல்லாத நகல்களோடுதான் வரும். உரிமை மீறிய நிரல் என்று தெரிந்தே பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி குற்றம் என்பதால், இதைப் படித்த பிறகு தெரியாது என்று சொல்ல உங்களுக்கும் வழியில்லை; இணையத்தில் பழைய பொருளாக விற்றுவிடலாம் என்ற யோசனையும் வேண்டாம். பில், பெட்டி, கேம் திறக்காததைக் காட்டும் வீடியோ ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் அதையும் குறிப்பிட்டு, பொருளில் குறைபாடு, பொய்யான உத்தரவாதம் என்ற இரு காரணங்களுக்காகவும் பணத்தைத் திருப்பித் தரக் கோரி, கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே மனுக் கொடுக்க வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மகனுக்குக் கான்ட்ராதான் வேண்டுமென்றால், பழைய கான்ட்ராக்களைச் சேர்த்து கொனாமியே 2019இல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது.