காய்ச்சல் விட்ட பிள்ளைக்கு எக்கோ எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. சில வாரங்களுக்கு முன் கடும் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பியதும் அம்மை என்று நினைத்து, வாசலில் வேப்பிலை செருகி, மருந்து கொடுக்காமல் இருந்துவிட்டோம். கண்கள் சிவந்தன, உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. எட்டாம் நாள் நகரத்து மருத்துவமனையில் சேர்த்தோம். கவாசாகி நோய் என்று சொல்லி விலை உயர்ந்த மருந்து ஒன்றை நரம்பு வழியாக ஏற்றினார்கள். மறுநாளே காய்ச்சல் விட்டது. இதயத்தை ஒலி அலைகளால் படம்பிடித்துப் பார்க்கும் எக்கோவில் கோளாறு இல்லை என்றார்கள். இப்போது விரல் நுனிகளில் தோல் உரிகிறது. தினமும் ஆஸ்பிரின் கொடுக்கவும், மறுபடி எக்கோ எடுக்கவும் சொல்லியிருக்கிறார்கள். "ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு இதய மாத்திரை எதற்கு?" என்கிறார் என் மாமியார். ஆறு வயது மகளுக்கும் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, அரியலூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, எக்கோவுக்குக் கட்டாயம் போங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். மற்ற பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. 1961-ல் டோக்கியோவில் டோமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் இந்த அறிகுறிகளைக் கண்டார். அதேபோன்ற ஐம்பது குழந்தைகளைப் பற்றி 1967-ல் எழுதினார். தானாக அடங்கிவிடும் காய்ச்சல் என்றே அப்போது கருதினார்கள். பிறகுதான், தேறிவிட்டதாக நினைத்த சில குழந்தைகள் திடீரென இறந்துபோனார்கள். பிரேதப் பரிசோதனையில், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் வீங்கி, உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது.

இந்த நோயின் குணமே இதுதான். காய்ச்சலும் தடிப்பும் வெளியே தெரிபவை. உள்ளே ரத்தக்குழாய்களின் சுவர் அழன்று கிடக்கிறது. அழற்சியால் நலிந்த சுவர், சைக்கிள் ட்யூபில் தேய்ந்த இடம் புடைப்பதுபோல, ரத்த அழுத்தத்தில் புடைக்கலாம். காய்ச்சல் விட்ட அன்றே இது நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. முதல் எக்கோ சரியாக இருந்து, அடுத்த சில வாரங்களில் புடைப்பு தெரிந்த குழந்தைகள் உண்டு. அதனால்தான் ஓரிரண்டு வாரத்தில் ஒருமுறையும், நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் மறுமுறையும் எக்கோ பார்க்கிறோம்.

தோல் உரிவதைக் கண்டு கலங்க வேண்டாம். நகத்தின் ஓரத்தில் தொடங்கி மெல்லிய ஏடாகக் கழன்று, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரியும். பிய்க்காமல் விட்டால் தானே சரியாகிவிடும். ஆனால் தோல் உரியும் அந்த நாட்களில்தான் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் மளமளவென்று கூடுகின்றன. ரத்தம் உறையும் வாய்ப்பும் கூடுகிறது. பிள்ளை ஓடி விளையாடும்போதும் ஆஸ்பிரின் கொடுப்பது இதற்காகத்தான். கடைசி எக்கோவும் சரியாக இருந்தால், வழக்கமாக ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மருத்துவரே நிறுத்திவிடுவார். அதுவரை நீங்களாக நிறுத்தக் கூடாது.

மாத்திரை கொடுக்கும் நாட்களில் வீட்டிலோ பக்கத்திலோ யாருக்காவது சின்னம்மையோ ஃப்ளூ காய்ச்சலோ வந்தால், உங்கள் மகனுக்கு அறிகுறி தெரியும்வரை காத்திராமல் அன்றே மருத்துவரைக் கேளுங்கள். அந்தக் கிருமிகள் உடம்பில் இருக்கும்போது ஆஸ்பிரின் கொடுத்தால், அரிதாக, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரை நோய்க்குறி வரலாம். வலிக்கும் காய்ச்சலுக்கும் என்று ஐபுபுரூஃபன் சிரப் வாங்கிக் கொடுக்காதீர்கள். அது ஆஸ்பிரினை வேலை செய்யவிடாது. மறுபடி காய்ச்சல் வந்தாலோ, குழந்தை வெளிறிப்போனாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

ஏற்றிய மருந்து இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானவர்கள் தானமாகக் கொடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம் அது. கிலோவுக்கு 2 கிராம் கணக்கில், 12 கிலோ குழந்தைக்கு 24 கிராம். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஏற்றுவார்கள். விலை அதனால்தான் அவ்வளவு. சிகிச்சை இல்லாமல் விட்டால் நான்கில் ஒரு குழந்தைக்குக் கரோனரி குழாய் பாதிக்கப்படும். காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் கொடுத்தால் அது நூற்றுக்கு ஐந்து அளவுக்குக் குறைகிறது. நீங்கள் எட்டாம் நாளே போய்விட்டீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள்.

அம்மை என்று நினைத்ததற்காக உங்கள் வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். தடிப்பைப் பார்த்து மருத்துவர்களுக்கே முதலில் தட்டம்மை நினைவுதான் வரும். கவனித்தால் வித்தியாசம் தெரியும். சின்னம்மையில் நீர் கோத்த கொப்புளம் இருக்கும், இதில் இருக்காது. தட்டம்மையில் மூக்கு ஒழுகும், இருமல் இருக்கும், கண்ணில் நீர் வடியும். கவாசாகியில் இரண்டு கண்ணும் சிவந்திருக்கும், ஆனால் பீளை கட்டாது. உதடு வெடிக்கும். நாக்கு செக்கச்செவேலென்று பொடி மேடுகளோடு இருக்கும். கை, கால் வீங்கும். கழுத்தில் ஒரு பக்கம் நெறி கட்டும். எல்லாம் ஒரே நாளில் சேர்ந்து வராது. நேற்று இருந்த தடிப்பு இன்று மறைந்திருக்கும். ஆகவே எது எந்த நாளில் தெரிந்தது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்திருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் நம் ஊர்த் தாய்மார்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். பிறந்ததும் இடது தோளில் பிசிஜி ஊசி போடுகிறோம் அல்லவா? காய்ச்சலோடு வரும் கைக்குழந்தையின் சட்டையைக் கழற்றச் சொல்லி நான் முதலில் பார்ப்பது அந்தத் தழும்பைத்தான். பல மாதங்களுக்கு முன் ஆறிப்போன இடம் திடீரெனச் சிவந்து தடித்திருந்தால் எனக்குக் கவாசாகி சந்தேகம் வந்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மற்ற அறிகுறிகள் பாதிகூடத் தெரியாமல் இருக்கும். ஆபத்தோ அவர்களுக்குத்தான் அதிகம். எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் ஐந்து நாள் நீடித்தால் அதே சிரப்பை ஆறாவது நாளும் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். "கவாசாகியாக இருக்குமா?" என்று வாய்விட்டே கேளுங்கள். கேட்டால் மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்த நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. சேர்ந்து விளையாடட்டும், ஒரே தட்டில் சாப்பிடட்டும்.

தடுப்பூசி அட்டையில் மட்டும் ஒரு மாற்றம் வேண்டும். ஏற்றிய எதிர்ப்புப் புரதம் உடம்பில் இருக்கும்வரை தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் சரியாகப் பிடிக்காது. மகனுக்கு இவற்றில் ஏதேனும் பாக்கி இருந்தால், மருந்து ஏற்றிய நாளிலிருந்து 11 மாதம் கழித்துப் போடுவது வழக்கம். ஃப்ளூ தடுப்பூசி ஊசியாகப் போடுவதைத் தள்ள வேண்டியதில்லை. ஆஸ்பிரின் கொடுக்கும்போது அது அவசியமும்கூட. மருந்து ஏற்றிய தேதியை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி, கிராம சுகாதாரச் செவிலியர் வரும்போது காட்டுங்கள்.