ஆச்சியின் உள்ளங்காலை டாக்டர் ஏன் கீறினார்?

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் எங்க ஆச்சிக்கு வலது கை, கால் திடீரென்று விழுந்துவிட்டது. டாக்டர் சாவி நுனியால் உள்ளங்காலைக் கீறிப் பார்த்தார். எதற்கு?

பதில்: அது பாபின்ஸ்கி சோதனை, பாரிஸில் நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1896-ல் விவரித்தது. குதிகாலில் தொடங்கி, பாதத்தின் வெளி ஓரமாகவே மெதுவாக இழுத்து, விரல்களுக்குக் கீழே வந்ததும் பெருவிரல் பக்கம் வளைக்க வேண்டும். பெருவிரலின் முதல் அசைவுதான் கணக்கு. கீழே மடங்கினால் சரி. மெல்ல மேலே நிமிர்ந்து, மற்ற விரல்கள் விசிறி போல விரிந்தால், மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்புப் பாதையில் கோளாறு. அந்தப் பாதை மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறுவதால், ஆச்சிக்குப் பாதிப்பு மூளையின் இடது பக்கம் இருக்கலாம். கைக்குழந்தைக்கு விரல் மேலே போவது இயல்பு.

நம்ம பக்கம் ஒரு சிக்கல். ஆயுசு முழுக்க வரப்பில் வெறுங்காலோடு நடந்த பாதம் காய்ப்பேறிக் கிடக்கும், கீறினால் உறைக்காது. அப்போது வெளிக் கணுக்காலுக்குக் கீழே கீறிப் பார்ப்பார்கள். கூச்சத்தில் காலையே வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது கணக்கில் சேராது.

வீட்டில் சாவியோடு உட்காராதீர்கள். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ நேரே சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கவாதத்தில் மூளை ரத்தக்குழாயை அடைக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு.