பரீட்சைக்காக நிறுத்திய ஓட்டம்

வணக்கம் மேடம்,

என் மகள் 800 மீட்டர் ஓடுகிறவள். ஒன்பதாம் வகுப்பில் வருவாய் மாவட்டப் போட்டியில் 2 நிமிடம் 38 விநாடியில் முடித்தாள். பத்தாம் வகுப்பு பப்ளிக் எக்ஸாம் என்பதால் டிசம்பரில் பிராக்டிஸை நிறுத்தினோம். பரீட்சை, விடுமுறை எல்லாம் முடிந்து ஜூனில்தான் மறுபடி கிரவுண்டுக்குப் போனாள். இப்போது 3 நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு வந்து அழுகிறாள். வயதும் ஒரு காரணமாக இருக்கலாம், கொஞ்சம் உடம்பு போட்டுவிட்டது. பழைய டைம் வர எவ்வளவு நாளாகும்? புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா? ஸ்பைக்ஸ் மாற்ற வேண்டுமா?

எம்.

அன்புள்ள எம்.,

பள்ளி திறந்த புதிதில் எந்த கிரவுண்டுக்குப் போனாலும் உங்கள் மகளைப் போல நாலு பிள்ளைகளைப் பார்க்கலாம். கொஞ்ச நாளாக அவர்கள் நினைப்பாகவே இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. முதல் ரவுண்டைப் பழைய ஞாபகத்தில் ஓடிவிடுவார்கள். 500 மீட்டர் தாண்டியதும் தோள் காதை நோக்கி ஏறும், விரல்கள் இறுகும், எடுத்து வைக்கும் அடி குறுகும். கடைசி வளைவில் தலை பின்னால் சாய்ந்துவிடும். பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஸ்பைக்ஸ் மாற்ற வேண்டாம். பவுடரும் வேண்டாம். அந்தக் காசில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. மூச்சு வாங்குகிற பெண்பிள்ளைக்கு முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

'வயதும் ஒரு காரணம்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. என்னோடு பள்ளியில் ஓடியவள் ஒருத்தி இருந்தாள். கடைசி 200 மீட்டரில் நாங்கள் எல்லோரும் அவள் முதுகைத்தான் பார்ப்போம். பத்தாவதில் அவள் வீட்டிலும் நிறுத்தினார்கள். திரும்பி வந்தபோது நன்றாக வளர்ந்திருந்தாள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று முதல் நாளிலிருந்தே பழைய அளவுக்கு ஓடினாள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்தது. வகுப்பிலிருந்து படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு படியாக இறங்குவாள். 'பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே எங்க ஓட்டம்' என்று தெருவே சொன்னது. அவளும் நம்பிவிட்டாள். மாதக்கணக்கில் உட்கார வைத்ததை ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்த வயதில் உடம்பு மாறும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் மகளுக்குக் கூடிய 22 விநாடியை அதன் தலையில் கட்டாதீர்கள். பயிற்சியை அடியோடு விட்டால் இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளுகிற ரத்தமும் குறைகிறது. அப்புறம் அதே வேகத்துக்கு நெஞ்சு அதிகமாக அடித்துக்கொள்ளத்தானே செய்யும்? 1984இல் உடற்பயிற்சி ஆய்வாளர் எட்வர்ட் கோய்ல் குழுவினர் நன்றாகப் பயிற்சி பெற்ற 7 பேரை முழுக்க நிறுத்தச் சொல்லி அளந்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் 21 நாளில் 7 விழுக்காடு இறங்கியது, 56 நாளில் 16 விழுக்காடு. உங்கள் மகளை அரை வருடம் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

இதைவிட முக்கியமானது ராபர்ட் ஹிக்சன் என்ற இன்னொரு ஆய்வாளர் 1980களில் செய்தது. வாரம் 6 நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினரை 2 நாளுக்குக் குறைத்தார், வேகத்தை மட்டும் குறைக்க விடவில்லை. 15 வாரம் கழித்தும் அந்த உச்சத் திறன் அப்படியே நின்றது. நாளைக் குறைக்காமல் வேகத்தைக் குறைத்தபோதோ அது இறங்கியது. அவர்கள் வளர்ந்தவர்கள், பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எண்ணுக்கு எண் பொருந்தாது. ஆனால் 15 வாரம் என்பது டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசி வரை. நம் பரீட்சைக் காலமே அவ்வளவுதான்!

வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம். வார்ம் அப் செய்துவிட்டு நாலைந்து 300 மீட்டர் வேகமாக ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து படிக்கட்டும். இதைக்கூடக் கொடுக்க முடியாத அளவுக்கு என்ன பரீட்சை? பள்ளியில் பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்கள், வீட்டில் நீங்கள் கிரவுண்டை எடுத்துக்கொள்கிறீர்கள். குறையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் அடியோடு நிறுத்துகிறீர்கள்? படிப்பு நன்றாக இருக்க ஓட்டம் ஒழிய வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

சரி, எவ்வளவு நாள் என்று கேட்டிருந்தீர்கள். மூச்சு இரண்டு மாதத்தில் பெருமளவு திரும்பிவிடும். ஆபத்து அங்கேதான். எலும்பும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் தயாராவதில்லை. மூச்சு வந்துவிட்டதே என்று அவள் முழு வேகத்தில் இறங்குவாள். தினமும் விடாதீர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும், தூரத்தை வாரா வாரம் கொஞ்சமாகக் கூட்டட்டும். முன்னெலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலிக்கிறது என்றால் அன்றே ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். பக்கத்துப் பள்ளிகளோடு நடக்கும் குறுவட்டப் போட்டிக்குள் பழைய டைம் வராவிட்டால் திட்டாதீர்கள், அடுத்த வருடமும் போட்டி வரும். அவள் உடம்பைப் பற்றி அவள் காதுபட இனி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

பிளஸ் டூவில் எந்த இரண்டு நாள் என்று இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.