டின் மீனும் கோச்சுஜாங்கும் சேர்ந்த பாஸ்தா

கொரிய ருசியில், டின் மீனைச் சேர்த்து, வேலை முடிந்து வந்த களைப்பிலும் செய்யக்கூடிய பாஸ்தா உண்டா, அதற்கான பொருள்கள் மதுரையில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு; கிடைக்கும். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கமிருந்து நம் ஊருக்கு வரும் மீனைக் காலையிலேயே போய் வாங்கினால்தான் நன்றாக இருக்கும் என்பதால், எங்கள் வீட்டில் மாலை நேரத்து மீன் ஆசைக்கு டின் மீனே கைகொடுக்கிறது.

டின் மீன் என்றால் முகம் சுளிப்பவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால், ஈழத்தமிழர் வீடுகளில் டின் மீன் குழம்பு அன்றாடச் சமையல். கொரியாவிலும் 1982 முதல் விற்பனைக்கு வந்த டின் சூரை மீன், கிம்ச்சி (காரம் சேர்த்துப் புளிக்க வைத்த முட்டைக்கோஸ்) குழம்பிலும் கிம்பாப்பிலும் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சாதம்) சாதாரணமாகச் சேர்கிறது. எண்ணெயில் போட்ட சூரை கிடைத்தால் அதையே வாங்குங்கள். அந்த எண்ணெயிலேயே தாளிக்கலாம். உப்பு நீரில் போட்டதென்றால் நீரை வடித்துவிட வேண்டும்.

இந்தப் பாஸ்தாவின் உயிர் கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுதில் இருக்கிறது. மிளகாய்ப் பொடி, பசையரிசி, புளிக்க வைத்த சோயா மாவு, உப்பு ஆகியவற்றைச் சேர்த்து நாள்பட ஊற வைப்பதால் அதில் காரம், இனிப்பு, உப்பு மூன்றும் ஒருசேர இருக்கும். அண்ணா நகர், பைபாஸ் ரோடு பக்கத்துப் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால் ஆன்லைனில் வாங்கிவிடலாம். காஷ்மீரி மிளகாய்ப் பொடியோடு சோயா சாஸும் நாட்டுச் சர்க்கரையும் குழைத்தால் நிறமும் இனிப்பும் வரும். புளித்த வாசம் மட்டும் வராது. ஆகவே ஒரு டப்பா வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்வதே என் ஆலோசனை.

இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி போதும். இரண்டு லிட்டர் நீரில் வழக்கமாகப் போடும் உப்பில் பாதியைப் போட்டு, பாக்கெட்டில் சொல்லியிருப்பதைவிட இரண்டு நிமிடம் முன்னதாக இறக்குங்கள். விழுதிலும் மீனிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. வடிக்கும் முன் வெந்த நீரில் ஒரு டம்ளர் எடுத்து வைக்க மறக்காதீர்கள். அதிலுள்ள மாவுச்சத்துதான் எண்ணெயையும் விழுதையும் ஒன்றாகப் பிணைத்து, பாஸ்தாவின் மேல் பூசியதுபோல் நிற்க வைக்கிறது.

அகலமான வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு ஆறு பல், நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி ஆகியவற்றை வதக்கி, அடுப்பை நன்றாகக் குறைத்த பிறகே ஒன்றரை மேசைக்கரண்டி கோச்சுஜாங்கைச் சேர்க்க வேண்டும். அதில் இனிப்பு இருப்பதால் தீ கூடினால் சட்டென அடிப்பிடித்துக் கசந்துவிடும். குழம்பு மசாலாவை வதக்குவதுபோல் விடாமல் கிளற, முதலில் திரண்டு கட்டியாக நிற்கும் விழுது மெல்ல இளகி, ஓரங்களில் சிவந்த எண்ணெய் கசிந்து வரும். பச்சை வாடை அடங்கும் அந்தப் பக்குவம்தான் கணக்கு. உடனே எடுத்து வைத்த நீரில் பாதியை ஊற்றி, ஒரு தேக்கரண்டி சோயா சாஸ் சேர்த்து, பாஸ்தாவைப் போட்டு, நீர் சுண்டிப் பளபளப்பாகும் வரை புரட்டுங்கள்; இறுகினால் மீதி நீர் இருக்கிறது.

மீனைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அது டின்னிலேயே முழுமையாக வெந்தது என்பதால் சூடேறினால் போதும். மேலும் கிளறினால் துண்டுகள் உதிர்ந்து தூளாகிவிடும்.

இறக்கும்போது கொரியர்கள் விடும் எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் கருப்பட்டி சேர்த்து ஆட்டுவதால் அந்த மணத்தைத் தராது. அதற்குப் பதில் வெள்ளை எள்ளை வெறும் சட்டியில் வறுத்து, கையால் நுணுக்கித் தூவுங்கள். வெங்காயத்தாளும் சேர்த்தால் நிறைவாக இருக்கும். கறிவேப்பிலை வேண்டாம். அதன் மணம் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும்.

டின்னில் மீன் மிச்சமிருந்தால் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். டின் உப்பியிருந்தால் திறக்கவே வேண்டாம், அப்படியே எறிந்துவிடுங்கள்.