மாம்பழ ஈயும் பாகற்காய் ஈயும்

கேள்வி: கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் புழு வைக்கும் ஈயும் பாகற்காயைக் கெடுக்கும் ஈயும் ஒரே இனந்தானா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: அல்ல. முன்னர் இரண்டும் பக்ட்ரோசெரா என்ற ஒரே பேரினத்துள் (நெருங்கிய இனங்களின் தொகுதியுள்) வைக்கப்பட்டிருந்தன. மரபணு ஆய்வுகளின் பின்னர் பாகற்காய் ஈ சியூகோடாகஸ் என்னும் தனிப் பேரினத்துள் சேர்க்கப்பட்டது. மாம்பழ ஈயான பக்ட்ரோசெரா டோர்சாலிசின் வரலாறே அதிகச் சிக்கலானது: ஆபிரிக்காவில் 2003இல் கண்டறியப்பட்டு, இலங்கையிலும் வாழ்வதாக அறியப்பட்ட ஈயொன்று 2005இல் இன்வாடென்ஸ் என்ற புதிய இனமாக விவரிக்கப்பட்டபோதிலும், உருவம், மரபணு, இனச்சேர்க்கை ஆகியவற்றில் இனத்தைப் பிரிக்கப் போதிய வேறுபாடு காணப்படாமையால், 2015இல் டோர்சாலிசுடனேயே இணைக்கப்பட்டது. ஒரே இனத்துள்ளும் மாறக்கூடிய முதுகு நிறத்தை மட்டும் நம்பி இவ்வீக்களுக்குப் பெயரிடுவது, என் எண்ணத்தில், வீண்வேலை. பொறி வைப்போர் கவனிக்க: மெதைல் யூஜினோல் என்ற கவர்பொருள் மாம்பழ ஈயின் ஆண்களையே கவரும், பாகற்காய் ஈக்குக் கியூலூர் என்ற வேறொரு கவர்பொருள் வேண்டும்.